அதட்டாமல் வென்ற பயிற்றுநர்

சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் சிறந்த பயிற்றுநர்களாக ஆகிவிடுகிறார்களா? இல்லை என்பதுதான் விளையாட்டு வரலாறு தரும் பதில். திடலில் வித்தை காட்டிய பலர், அந்த வித்தையை இன்னொருவருக்குச் சொல்லித்தரத் தெரியாமல் திணறியிருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, நாட்டுக்காக ஒன்றிரண்டு ஆட்டங்களே ஆடிய சிலர், பயிற்றுநரான பிறகு உலகையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்வின் ஜேம்ஸ் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். ரக்பி ஆட்டத்தில் அவர் தம் நாட்டைப் பிரதிநிதித்தது இரண்டே முறைதான். ஆனால், 1971ஆம் ஆண்டில் அவர் பயிற்சியளித்த லயன்ஸ் அணி, நியூசிலாந்து மண்ணில் நியூசிலாந்தையே தொடரில் வீழ்த்தியது. அதற்கு முன்பு எந்த லயன்ஸ் அணியும் அதைச் செய்ததில்லை. அதற்குப் பிறகும் இன்றுவரை எந்த லயன்ஸ் அணியும் செய்ததில்லை.

கார்வின் ஜேம்ஸ் தொழிலால் ஓர் ஆசிரியர். அதுவும் தாய்மொழி கற்பித்த ஆசிரியர். ஆட்டக்காரர்களை அதட்டி உருட்டி வேலை வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை. வகுப்பறையில் மாணவரிடம் கேள்வி கேட்டுப் பதிலை வரவழைப்பதுபோல் திடலிலும் கேட்டார். அந்த முறை உலகின் மிக வலிமையான அணியை வென்றது. ஆனால், அதே மனிதருக்கு அவருடைய சொந்த நாடு தன் தேசிய அணியை ஒருநாளும் ஒப்படைக்கவில்லை. ஏன்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், விளையாட்டைத் தாண்டியும் சில உண்மைகள் புலப்படும்.

சுரங்கக் கிராமத்துப் பிள்ளை

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில், கார்மார்தன் வட்டாரத்தில், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த கிராமங்களில் ஒன்று கெவ்னெய்தின். அங்கு 1929ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி கார்வின் ஜேம்ஸ் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. வீட்டிலும் வீதியிலும் தேவாலயத்திலும் ஒலித்தது வேல்ஸ் மொழி. பள்ளியில் ஆங்கிலம் கோலோச்சியது.

இரு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் நிலை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. வீட்டு மொழி சோறு போடுமா என்ற கேள்வி அந்தக் கிராமத்திலும் இருந்தது. அந்த மொழியைப் பேசுவோர் குறைந்துகொண்டே வந்தனர். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வேல்ஸ் மக்களில் ஐந்தில் ஒருவரே அம்மொழியைப் பேசக்கூடியவராக இருந்தார். அப்படிப்பட்ட காலத்தில், அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்ற கார்வின் ஜேம்ஸ் தேர்ந்தெடுத்த பாடம் வேல்ஸ் மொழியும் இலக்கியமும்தான்.

அக்காலத்தில் பிரிட்டனில் இளையர்கள் கட்டாயத் தேசிய சேவை செய்ய வேண்டும். கடற்படையில் சேர்க்கப்பட்ட அவருக்கு அங்கே ரஷ்ய மொழி கற்பித்தார்கள். பனிப்போர்க் காலத்தில் ரஷ்யச் செய்திகளைக் கேட்டறிய ஆள் தேவைப்பட்டது. அவரோ அந்த மொழியின் மீதும் காதல் கொண்டார். சேவை முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். பின்னர் லாண்டவரி கல்லூரி என்ற புகழ்பெற்ற பள்ளியில் பல ஆண்டுகள் வேல்ஸ் மொழி கற்பித்தார். மாலையில் அதே மாணவர்களுக்கு ரக்பியும் கற்பித்தார்.

இரண்டே ஆட்டங்கள்

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கொண்டு அணிக்கு 15 பேர் ஆடும் ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால், கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது 'டிரை'. இன்று அதற்கு 5 புள்ளி. 1971 தொடரின்போது 3 புள்ளிதான்.

இந்த ஆட்டத்தில் 'ஃபிளை ஹாஃப்' என்றோர் இடம் உண்டு. முன்வரிசையில் முட்டி மோதிப் பெறும் பந்து அவர் கைக்குத்தான் வரும். ஓடுவதா, உதைப்பதா, இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முடிவெடுக்க வேண்டும். கார்வின் ஜேம்ஸ் அந்த இடத்தில் லனெல்லி நகர அணிக்காக ஆடினார். மெலிந்த உடல், நிதானமான ஆட்டம்.

ஆனால், அவருடைய காலத்தில் வேல்ஸ் தேசிய அணியில் அதே இடத்தில் கிளிஃப் மோர்கன் இருந்தார். உலகின் தலைசிறந்த ஃபிளை ஹாஃப்களில் ஒருவர் அவர். அவரைத் தாண்டி இன்னொருவர் உள்ளே நுழைவது அரிது. 1958 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கார்வின் ஜேம்ஸுக்கு வாய்ப்புக் கிடைத்தது. வேல்ஸ் 9-3 என்று வென்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் 'டிராப் கோல்' ஒன்றை அவர் அடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் பிரான்சுக்கு எதிராக வேறோர் இடத்தில் ஆடினார். வேல்ஸ் 6-16 என்று தோற்றது. அத்தோடு அவருடைய அனைத்துலக ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

இரண்டு ஆட்டங்களோடு ஓரங்கட்டப்பட்ட ஒருவர் கசப்போடு ஒதுங்கியிருக்கலாம். இவர் ஒதுங்கவில்லை. தம்மைவிடச் சிறந்த ஒருவருக்குப் பின்னால் காத்திருந்த ஆண்டுகளில், ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அந்தப் பார்வையே அவருக்கு மூலதனமாயிற்று.

பயிற்சி என்றாலே முகம் சுளித்த காலம்

இன்று பயிற்றுநர் இல்லாத அணியை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால், 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் ரக்பிக்குப் பயிற்றுநர் வைப்பதையே பலர் கௌரவக் குறைவாகக் கருதினார்கள். ஆட்டம் பொழுதுபோக்காக இருக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. அதிகமாகத் தயார்செய்வதுகூட நேர்மையன்று என்ற எண்ணம் நிலவியது. அணித் தலைவர் நான்கு வார்த்தை சொல்வார். எல்லாரும் திடலில் இறங்குவார்கள். அவ்வளவுதான்.

இந்தப் போக்கை மாற்றுவதில் வேல்ஸ் முன்னோடியாக இருந்தது. 1967ஆம் ஆண்டில் தேசிய அணிக்குப் பயிற்றுநரை நியமித்தது. நாடு முழுவதும் பயிற்சிப் பணிகளை ஒருங்கிணைக்க ரே வில்லியம்ஸ் என்பவரை முழுநேரப் பணியில் அமர்த்தியது. இந்தச் சூழலில்தான் கார்வின் ஜேம்ஸ் லனெல்லி அணியின் பயிற்றுநரானார். லாண்டவரியை விட்டுக் கார்மார்தன் நகரின் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாளராகவும் சேர்ந்திருந்தார். பகலில் இலக்கியம், மாலையில் ரக்பி.

கொள்கைக்காக உள்ளே இருந்தவர்

1970ஆம் ஆண்டு அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிய ஆண்டு. அந்த ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக்ஸ் அணி லனெல்லிக்கு வந்தது. அப்போது தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் அந்த அணியில் இடமே கிடையாது. துங்கு அப்துல் ரகுமான் காமன்வெல்த் மாநாட்டில் அந்தக் கொள்கையை எதிர்த்துக் குரல் கொடுத்ததையும், 1961ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேறியதையும் மலேசியர்கள் அறிவார்கள். பிரிட்டனில் அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன.

கார்வின் ஜேம்ஸ் என்ன செய்தார்? ஆட விரும்பிய தம் ஆட்டக்காரர்களை அவர் தடுக்கவில்லை. ஆட்டத்துக்கு அவர்களை முழுமையாகத் தயார்செய்தார். ஆனால், ஆட்டம் தொடங்கியதும் அவர் திடலுக்கு வரவில்லை. உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டார். நிறவெறிக்குத் தம் எதிர்ப்பு அது என்றார். லனெல்லி 9-10 என்று ஒரே புள்ளியில் தோற்றது. தம் கொள்கையை மற்றவர் மீது திணிக்காமல், அதன் விலையைத் தாமே கொடுத்தவர் அவர்.

அதே ஆண்டு ஜூன் மாதப் பொதுத்தேர்தலில், வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி சார்பில் லனெல்லி தொகுதியில் போட்டியிட்டார். தொழிற்கட்சியின் கோட்டை அது. வெற்றி கிடைக்கவில்லை. வேல்ஸ் மொழிக்கும் வேல்ஸ் தன்னாட்சிக்கும் குரல் கொடுத்த இவரைத்தான், பிரிட்டன், அயர்லாந்து இரண்டின் கூட்டணியான லயன்ஸ் அணிக்குப் பயிற்றுநராக்கினார்கள். அரசியல் வேறாக இருந்தாலும் திறமையை அப்போது மதித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தோல்வியே வரலாறாக

லயன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் அணி. வழக்கமாக ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுபவர்கள், சில மாதங்களுக்கு மட்டும் தோழர்களாக வேண்டும்.

நியூசிலாந்தின் 'ஆல் பிளாக்ஸ்' அணிக்கு எதிராக லயன்ஸின் கணக்கு வேதனையானது. 1930, 1950, 1959, 1966 ஆகிய நான்கு பயணங்களில் 16 பெரிய ஆட்டங்கள் நடந்தன. லயன்ஸ் வென்றது 2; சமன் செய்தது 1; மற்ற 13லும் தோல்வி. 1966 பயணத்தில் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். நியூசிலாந்தில் ரக்பி என்பது வெறும் விளையாட்டன்று. சிற்றூர் முதல் தலைநகர் வரை அதுவே பேச்சு, அதுவே மூச்சு.

1971 பயணத்துக்கு ஸ்காட்லாந்து மருத்துவர் டக் ஸ்மித் மேலாளர். வேல்ஸ் நாட்டின் ஜான் டாஸ் அணித் தலைவர். புறப்படும் முன்பே டக் ஸ்மித் ஒரு கணிப்பைச் சொன்னார். 2 வெற்றி, 1 தோல்வி, 1 சமன் என்று தொடரை வெல்வோம் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் கேட்டார்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஈஸ்ட்போர்ன் நகரில் அணி முதலில் கூடியது. அங்கே கார்வின் ஜேம்ஸ் ஒன்றைத் தெளிவுபடுத்தினார். இந்த அணிக்காக யாரும் தம் இயல்பைக் கழற்றி வைக்க வேண்டாம். ஐரிஷ்காரர் ஐரிஷ்காரராகவே இருக்கட்டும், ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட்லாந்துக்காரராகவே இருக்கட்டும் என்றார். ஒற்றுமை என்பது எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று என்பது அவருடைய எண்ணம். தம் மொழியின் தனித்தன்மைக்காகப் போராடியவருக்கு அது இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்தது இன்னும் வியப்பானது. தமக்குத் தெரியாததை வெளிப்படையாகக் கேட்டார். முன்வரிசை ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்து எதிரணியை முட்டித் தள்ளும் 'ஸ்கிரம்' பற்றி அவருக்கு நேரடி அனுபவம் கிடையாது. பின்வரிசை ஆட்டக்காரர் அவர். ஆகவே, அந்தப் பொறுப்பை அயர்லாந்தின் ரே மெக்லாஃப்ளினிடம் விட்டார். லயன்ஸ் பயணங்களில் பழுத்த அனுபவம் உள்ள வில்லி ஜான் மெக்பிரைடு, மைக் கிப்சன் போன்றோரிடம், முந்தைய பயணங்கள் எங்கே தவறின என்று கேட்டார். மூத்தவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுத் தம் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

பதவியில் இருப்பவர் 'எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்' என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். இவர் விஷயத்தில் நடந்தது வேறு. தங்கள் யோசனை மதிக்கப்படுகிறது என்று கண்ட ஆட்டக்காரர்கள், அந்தத் திட்டத்தைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அணியின் ஃபிளை ஹாஃப் பேரி ஜான். அவரும் அதே கெவ்னெய்தின் கிராமத்துப் பிள்ளை. கார்வின் ஜேம்ஸ் ஊர்த் திடலில் பயிற்சி செய்வதைப் பார்த்து வளர்ந்தவர். கட்டுப்பாட்டுக்குள் அடங்காத கலைஞர். அவரைத் திருத்த முயலாமல், அவருடைய போக்கிலேயே ஆட விட்டார் ஆசிரியர்.

நான்கு ஆட்டங்கள்

பயணத்தின் முதல் ஆட்டமே தோல்வி. வழியில் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்திடம் தோற்றார்கள். ஆனால், நியூசிலாந்தில் இறங்கிய பிறகு வெற்றிமேல் வெற்றி. ஜூன் 19ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி அணியுடன் நடந்த ஆட்டம் அடிதடியாக மாறியது. லயன்ஸ் 14-3 என்று வென்றாலும், ஸ்காட்லாந்தின் சேண்டி கார்மைக்கேலின் கன்ன எலும்பு நொறுங்கியது. ரே மெக்லாஃப்ளினின் கட்டைவிரல் முறிந்தது. முன்வரிசையின் இரு தூண்களும் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. முதல் பெரிய ஆட்டத்துக்கு அப்போது ஒரே வாரம்தான் இருந்தது.

ஜூன் 26ஆம் தேதி டனீடினில் முதல் ஆட்டம். காயமுற்றவர்களுக்குப் பதிலாக இறங்கியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் இயன் மெக்லாக்லன். முன்வரிசைக்கு உருவத்தில் சிறியவர். எதிரணி உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்து, அதையே டிரையாக மாற்றியவர் அவர்தான். பேரி ஜான் நியூசிலாந்தின் கடைசித் தற்காப்பாளரான ஃபெர்கி மெக்கார்மிக்கைக் குறிவைத்து, பந்தை இடமும் வலமுமாக உதைத்து அலைக்கழித்தார். மெக்கார்மிக் அதன்பின் நியூசிலாந்துக்கு ஆடவே இல்லை. லயன்ஸ் 9-3 என்று வென்றது.

இரண்டாவது ஆட்டத்தில் நியூசிலாந்து 22-12 என்று பழிதீர்த்தது. இங்கேதான் பயிற்றுநரின் மதிப்புத் தெரிந்தது. சிட் கோயிங் என்ற ஆட்டக்காரர்தான் நியூசிலாந்தின் தாக்குதலுக்கு ஊற்று என்று கார்வின் ஜேம்ஸ் கணித்தார். அவரை அடக்க, அதுவரை வேல்ஸ் தேசிய அணிக்கே ஆடியிராத லனெல்லி இளைஞர் டெரக் குவினெலை இறக்கினார். முன்வரிசையில் உயரமும் பலமும் கொண்ட கார்டன் பிரவுனைச் சேர்த்தார். ஜூலை 31ஆம் தேதி வெல்லிங்டனில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில், முதல் 20 நிமிடங்களுக்குள் லயன்ஸ் 13 புள்ளி எடுத்துவிட்டது. முடிவு 13-3.

ஆகஸ்ட் 14ஆம் தேதி ஆக்லாந்தில் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே தொடர் லயன்ஸுக்கு. நியூசிலாந்து தொடக்கத்திலேயே 8-0 என்று முந்தியது. லயன்ஸ் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. 11-11 என்று இருந்தபோது, நெடுந்தொலைவிலிருந்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் ஒரு டிராப் கோல் அடித்தார். அப்படி அடிப்பது அவருடைய வழக்கமே அன்று. நியூசிலாந்தின் லாரி மெயின்ஸ் ஒரு பெனால்டி உதைத்துச் சமன் செய்தார். 14-14. தொடர் லயன்ஸ் வசம். டக் ஸ்மித்தின் கணிப்பு எழுத்துப் பிசகாமல் பலித்தது. நான்கு ஆட்டங்களில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 பேரி ஜானுடையவை. நியூசிலாந்தில் ஆடிய 24 ஆட்டங்களில் லயன்ஸ் தோற்றது ஒன்றே ஒன்றுதான்.

ஊர் அணி சாய்த்த மலை

லயன்ஸ் வெற்றிக்கு நான்கு நாட்டுச் சிறந்தவர்களும் வேண்டியிருந்தது. ஒரே ஒரு நகரத்தின் அணியைக் கொண்டு நியூசிலாந்தை வெல்ல முடியுமா? 1972இல் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

அந்தப் பருவம் லனெல்லி மன்றத்தின் நூற்றாண்டு. அக்டோபர் 31ஆம் தேதி ஸ்ட்ரேடி பார்க் திடலுக்கு ஆல் பிளாக்ஸ் வந்தது. நகரின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலையை விட்டுத் திரண்டார்கள். ஆட்டத்துக்கு முன்பு கடைசி வார்த்தையைப் பேசும் பொறுப்பைக் கார்வின் ஜேம்ஸ் அணித் தலைவர் டெல்மி தாமஸிடம் விட்டார். தாம் நாட்டுக்காக ஆடிப் பெற்ற பெருமை அனைத்தையும் இந்த ஒரு வெற்றிக்காகக் கொடுத்துவிடத் தயார் என்று அவர் பேசியதைக் கேட்டு, கட்டுமஸ்தான ஆட்டக்காரர்களே கண்கலங்கினார்கள் என்பார்கள்.

தொடங்கிய சில நிமிடங்களில் ஃபில் பென்னட் உதைத்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை வெளியேற்ற முயன்ற நியூசிலாந்து ஆட்டக்காரரின் உதையை ராய் பெர்கியர்ஸ் பாய்ந்து தடுத்து டிரை எடுத்தார். பின்னர் ஆண்டி ஹில் தொலைவிலிருந்து ஒரு பெனால்டி உதைத்தார். லனெல்லி 9, ஆல் பிளாக்ஸ் 3. அன்றிரவு லனெல்லி மதுக்கடைகளில் சரக்கே தீர்ந்துபோனதாக இன்றும் பேசுவார்கள்.

மூன்று மாதங்கள் கழித்து, 1973 ஜனவரி 27ஆம் தேதி, கார்டிஃபில் பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணி அதே ஆல் பிளாக்ஸை எதிர்கொண்டது. அந்த அணிக்குப் பயிற்றுநர் வைக்கும் மரபு இல்லை. ஆனாலும், ஆட்டத்துக்கு முன் பேசும்படி கார்வின் ஜேம்ஸை அழைத்தார்கள். பதற்றமாக இருந்த ஃபில் பென்னட்டிடம், ஸ்ட்ரேடி பார்க்கில் ஆடுவதுபோலவே ஆடும்படி சொன்னார். சில நிமிடங்களில் பென்னட் தம் கோட்டுக்கு அருகே பந்தைப் பிடித்தார். வழக்கப்படி உதைத்து வெளியேற்ற வேண்டிய இடம் அது. அவரோ உடலை நெளித்து நெளித்து எதிரிகளை ஏமாற்றி ஓடினார். பந்து கைமாறிக் கைமாறி, திடலின் மறுகோடியில் கேரத் எட்வர்ட்ஸ் அதை டிரையாக்கினார். ரக்பி வரலாற்றின் தலைசிறந்த டிரை என்று இன்றும் பலர் சொல்வது அதைத்தான். பார்பேரியன்ஸ் 23-11 என்று வென்றது.

நாடு கொடுக்காத பொறுப்பு

இத்தனைக்கும் பிறகு 1974ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசிய அணியின் பயிற்றுநர் பதவி காலியானது. கார்வின் ஜேம்ஸைத் தவிர வேறு யார் என்றுதான் ஊர் நினைத்தது.

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. வேல்ஸ் அணியைத் தேர்ந்தெடுப்பது ஐவர் அடங்கிய ஒரு தேர்வுக்குழு. 'பெரிய ஐவர்' என்று அதற்குப் பெயர். பயிற்றுநர் அதில் ஒரு குரல் மட்டுமே. கார்வின் ஜேம்ஸ் ரக்பி சங்கத்துக்குத் தம் நிலையை எழுத்தில் தெரிவித்தார். பயிற்றுநரே தேர்வுக்குழுவின் தலைவராக இருக்க வேண்டும். தம்மோடு பணியாற்றுவோரைத் தெரிவுசெய்யும் உரிமையும் அவருக்கு வேண்டும் என்பது அவர் வாதம். வெற்றி தோல்விக்குப் பொறுப்பு ஒருவருடையது என்றால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்?

சங்கம் இணங்கவில்லை. அவரும் இறங்கிவரவில்லை. தம் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1971இல் அவருடைய அணித் தலைவராக இருந்த ஜான் டாஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

இதில் யார் செய்தது சரி? சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதிகாரம் முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது பழைய மக்களாட்சி மரபு. ஜான் டாஸ் காலத்தில் வேல்ஸ் பல வெற்றிகளையும் குவித்தது. 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்றது. ஆகவே, அப்போது யாரும் இழப்பை உணரவில்லை. திறமை மிகுந்த ஆட்டக்காரர்கள் இருக்கும்வரை அமைப்பின் குறை வெளியே தெரிவதில்லை. 1980களில் அந்தத் தலைமுறை விலகிய பிறகு வேல்ஸ் சரிந்தது. அப்போதுதான் பலருக்கு அவருடைய நினைவு வந்தது.

கார்வின் ஜேம்ஸும் இறங்கிவந்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. லயன்ஸ் வெற்றிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு அளிக்க முன்வந்த பட்டத்தையே வேண்டாம் என்றவர் அவர். பதவிக்காகக் கொள்கையை வளைப்பது அவருக்குக் கைவராத கலை.

கடைசி ஆண்டுகள்

லனெல்லி அணி 1973 முதல் 1976 வரை தொடர்ந்து நான்கு முறை வேல்ஸ் கிண்ணத்தை வென்றது. விரிவுரையாளர் பணியை விட்ட கார்வின் ஜேம்ஸ், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ரக்பி பற்றிப் பேசினார். ஆங்கில நாளிதழில் பத்தி எழுதினார். 1977இல் இத்தாலி சென்று ரோவிகோ நகர அணிக்குப் பயிற்சியளித்தார். புதிய மொழி, புதிய மக்கள். 1979இல் அந்த அணி இத்தாலியின் வெற்றியாளரானது. தம் நாடு தராத வாய்ப்பை வேற்று நாடு தந்தது. அதை அவர் வீணாக்கவில்லை.

திருமணம் செய்துகொள்ளாதவர். நெடுநாளாகக் கடுமையான தோல்நோயால் அவதிப்பட்டவர். 1983 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு தங்கும் விடுதியில் தனியாக இருந்தபோது உயிர் பிரிந்தது. வயது 53.

அவர் விட்டுச் சென்ற பாடம்

1971க்குப் பிறகு லயன்ஸ் ஐந்து முறை நியூசிலாந்து சென்றது. 1977, 1983, 1993, 2005 ஆகிய நான்கு பயணங்களிலும் தோல்வி. 1993இல் லயன்ஸை வென்ற நியூசிலாந்து அணியின் பயிற்றுநர், 1971இல் கடைசிப் பெனால்டியை உதைத்த அதே லாரி மெயின்ஸ். 2017இல் தொடர் சமனில் முடிந்தது. இப்போது ஆட்டக்காரர்களுக்கு ஊதியம், மருத்துவர்கள், கணினி ஆய்வாளர்கள் எல்லாம் உண்டு. ஊதியமே வாங்காமல் ஆடியவர்கள் 1971இல் எட்டிய இடத்தை அவர்களால் இன்னும் எட்ட முடியவில்லை.

அன்று அவர் கேட்ட உரிமை இன்று எல்லா நாடுகளிலும் நடைமுறையாகிவிட்டது. வேல்ஸ் உட்பட, அணியைத் தேர்ந்தெடுப்பவர் தலைமைப் பயிற்றுநர்தான். தவறான கோரிக்கை என்று தள்ளப்பட்டது, பிற்காலத்தில் சரியென்று ஏற்கப்பட்டது. ஆனால், கேட்டவர் அதைப் பார்க்க இல்லை.

இந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, கற்பிப்பவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் கேட்கவும், கேட்டதை ஏற்கவும் மனம் இருந்தால் போதும். ஸ்கிரம் பற்றித் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்தான், அந்த ஸ்கிரம்மைக் கொண்டே நியூசிலாந்தை எதிர்த்து நின்றார். மற்றொன்று, ஓர் அமைப்பு திறமையாளரை மனதாரப் பாராட்டலாம், மாலை போடலாம். ஆனால், பொறுப்பை நம்பி ஒப்படைக்கிறதா என்பதில்தான் அந்தப் பாராட்டின் உண்மை தெரியும்.

நம் பள்ளிகளிலும் மன்றங்களிலும் சங்கங்களிலும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் நிலையில் இருப்போர் பலர். கேள்வி கேட்கும் மாணவரை அடக்குவதா, பேச விடுவதா? திறமையுள்ள ஒருவர் நிபந்தனை விதித்தால் அதைத் திமிர் என்று ஒதுக்குவதா, என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பார்ப்பதா? வேல்ஸ் ரக்பி சங்கம் 1974இல் எதிர்கொண்ட அதே கேள்வி, வேறு வடிவங்களில் நம் கூட்ட அறைகளிலும் எழுகிறது. அன்று அவர்கள் சொன்ன பதிலால் ஒரு நாடு தன் மிகச் சிறந்த ஆசிரியரை இழந்தது. அவரிடம் கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.